இரண்டாவது போன்

எங்கள் சர்வீஸ் கவுண்டருக்கு வருகிறவர்கள் முதலில் சொல்வது பொய்யாகத்தான் இருக்கும். இதைக் கோபத்தில் சொல்லவில்லை, அனுபவத்தில் சொல்கிறேன். இயர்பட்ஸ் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, "தண்ணி படவே இல்லங்க, திடீர்னு நின்னுபோச்சு" என்பார்கள். மூடியைத் திறந்தால் சோப்பு வாசனை குப்பென்று அடிக்கும். சட்டைப் பையோடு வாஷிங் மெஷினில் ஒரு சுற்று போய்வந்த பட்ஸ் அது. "கீழ விழவே இல்ல" என்றால் மாடியிலிருந்து விழுந்திருக்கிறது என்று அர்த்தம். "என்னைத் தவிர யாரும் தொட்டதில்ல" என்று ஒரு பெரியவர் சத்தியம் செய்தார். பட்ஸின் ரப்பர் முனையில் நாய் கடித்த தடம் வரிசையாக இருந்தது.

கடையில் எனக்கு சி.ஐ.டி. என்று பெயர். வைத்தவர் உள்ளறை டெக்னீஷியன். பல் தேய்க்கும் பிரஷை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஊரார் காதழுக்கைச் சுரண்டுகிறவர். மனித குலத்தைப் பற்றி அவருக்கும் பெரிய அபிப்பிராயம் கிடையாது.

பாதி வியாதிக்கு மருந்து அப்டேட்தான். இரண்டு பட்ஸையும் டப்பாவில் வைத்து, மூடியைத் திறந்துவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்துக் கொஞ்சநேரம் சும்மா இருக்க வேண்டும். நம் ஜனங்களால் எதையும் செய்ய முடியும், சும்மா இருக்க மட்டும் முடியாது. பாதியில் மூடிவிடுவார்கள். வலதில் புதுப் பதிப்பு ஏறியிருக்கும், இடதில் பழசே இருக்கும், இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. இதை ஒருவரிடம் விளக்கியபோது, "எங்க வீட்டுலயும் அதே கதைதான் மேடம்" என்று சிரித்தார். அப்போது எனக்கும் சிரிப்பு வந்தது.

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். மோட்டார் போடும் சத்தத்தை வைத்தே எங்கே தேய்மானம் என்று சொல்லிவிடுவார் எனப் பெயரெடுத்தவர். அவருக்கு இயர்பட்ஸ் வாங்கிக் கொடுத்தது நானேதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது.

வேலை இடத்தில் காதில் எதையும் மாட்டக் கூடாது என்பது அவர்கள் கம்பெனி சட்டம். அதனால் காலையில் டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டுப் போவார். மாலையில் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுகிறாரோ இல்லையோ, ஒன்றை எடுத்து வலது காதில் மாட்டிக்கொள்வார். வலது காதில் மட்டும்தான். இடது பட்ஸ் டப்பாவிலேயே தூங்கும். பாட்டு கேட்கிறீர்களா என்றால் "ம்" என்பார். என்ன பாட்டு என்றாலும் "ம்"தான்.

ஒற்றைக் காதில் மாட்டுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். பாட்டுக்கு இரண்டு காதும் வேண்டும். ஒன்றை மட்டும் மாட்டுகிறவர் யாரோ பேசுவதைக் கேட்கிறார். இன்னொரு காதை, ஆள் வருகிறதா என்று பார்க்கக் காவலுக்கு வைத்திருக்கிறார்.

இது மட்டும் என்றால் விட்டிருப்பேன். கட்டிலில் இத்தனை வருஷமாகப் படுத்த பக்கத்தை விட்டு மறுபக்கம் மாறிக்கொண்டார். கேட்டால் ஜன்னல் காற்று ஒத்துக்கொள்ளவில்லையாம். போன் வந்தால் எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். நான் எதையாவது சொன்னால் "என்ன?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு என் வாயையே பார்த்தார். பிரியத்தில் பார்க்கவில்லை, பரீட்சை எழுதுகிறவன் பக்கத்துப் பேப்பரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எதிர்ப்பக்கம் திரும்பி நின்று நான் கூப்பிட்டால் பதிலே வராது. "காதுல விழாத மாதிரி நல்லா நடிக்கறீங்க" என்று நான் சொல்லாத நாளில்லை. அதற்கும் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போய்விடுவார். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது.

தினமும் சாயங்காலம் சமையலறையில் வேலையைப் பார்த்துக்கொண்டே அக்காவோடு போனில் பேசுவேன். அவள் வேறு ஊரில் இருக்கிறாள். அவளிடம் சொன்னேன்.

"ஆம்பளை திடீர்னு அமைதியாயிட்டா ரெண்டுல ஒண்ணுடி" என்றாள். "ஒண்ணு வேலை போயிருக்கணும், இல்ல ஆளு வந்திருக்கணும்."

"வேலைக்குத்தான் தினமும் போறாரேக்கா."

"அப்ப நான் சொல்ல என்ன இருக்கு?"

அக்கா நெருப்பு வைக்க மாட்டாள். தீப்பெட்டியை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

அவருடைய பட்ஸுக்கு அப்டேட் வந்து மாதக்கணக்காகக் கிடந்தது. போன் திரையில் அறிவிப்பு எட்டிப் பார்க்கும், அவர் விரலால் ஒதுக்கிவிடுவார். ஒருநாள் நானே கேட்டேன்.

"குடுங்க, நான் போட்டுத் தரேன்."

"வேணாம். இருக்கறது நல்லாத்தான் இருக்கு. அப்டேட் போட்டா எதாவது கெட்டுப்போகும்."

"என் பொழப்பே அதுதாங்க."

"அதனாலதான் வேணாங்கறேன்" என்று டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அப்டேட்டுக்குப் பயப்படுகிறவர்களைக் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும் என்பார்கள், நியாயம்தான். ஆனால் டப்பாவை மனைவியின் கையில் கொடுக்கப் பயப்படுகிறவர் வேறு எதையோ மறைக்கிறார். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் ஏன் பயம்?

மறுநாள் காலை அவர் கிளம்பியதும் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து உள்ளறைக்குக் கொண்டுபோனேன். டெக்னீஷியன் ஒன்றை எடுத்து விளக்கின்கீழ் திருப்பிப் பார்த்தார்.

"யாரோடது?"

"கஸ்டமரோடது."

"டோக்கன் எங்க?"

"அப்புறம் போடறேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சி.ஐ.டி. பட்டம் கொடுத்தவருக்கு என் முகம் தெரியாதா என்ன. "வலது பேட்டரி செம அடி வாங்கியிருக்கு. இடது அப்படியே புதுசு. இந்த ஆளுக்கு அநேகமா..." என்று ஆரம்பித்தார். "அநேகமா என்னன்னு எனக்குத் தெரியும் சார்" என்று டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் உண்டு. பட்ஸை இணைத்தால், அது எந்தெந்தப் போனோடு சேர்ந்திருக்கிறது, கடைசியாக எப்போது சேர்ந்தது என்று காட்டும். ஆனால் பட்ஸில் பழைய பதிப்பு இருந்தால் கதவைத் திறக்காது. முதலில் அப்டேட் போடு, அப்புறம் பேசலாம் என்று அடம்பிடிக்கும். சரி என்று போட்டேன். நீலக் கோடு ஊர்ந்துகொண்டிருந்த நேரத்தில், பழக்க தோஷத்தில், இந்தப் பதிப்பில் என்ன புதுசு என்று படித்தேன். பேச்சொலி இன்னும் தெளிவாகக் கேட்கும். இடையில் தொடர்பு அறுந்துபோவது சரிசெய்யப்பட்டது. எல்லா அப்டேட்டிலும் இதையேதான் எழுதுகிறார்கள். நானும் கஸ்டமர்களிடம் ஒப்பித்திருக்கிறேனே தவிர, ஒருநாளும் நம்பியதில்லை.

கோடு முடிந்தது. கதவு திறந்தது. உள்ளே இரண்டு போன்கள் இருந்தன.

முதலாவது அவர் கையில் இருக்கும் போன். இரண்டாவதன் பெயர் "மேலும் கீழும்". அந்தப் பெயரை வைத்ததே நான்தான், அவர் தொழிலைக் கேலி செய்து, கல்யாணமான புதிதில். அது அவருடைய பழைய போன். லிப்ட் குழியில் விழுந்து சுக்குநூறாகிவிட்டது என்று என்னிடம் சொல்லியிருந்தார். நானும் "போனா போகுது, நீங்க விழாம இருந்தீங்களே" என்று ஆறுதல் சொன்னேன். சுக்குநூறான போன், நேற்று மாலைகூட இவர் காதோடு பேசியிருக்கிறது.

கவுண்டரில் பொய்யைப் பிடிக்கும்போது வரும் அந்தக் குஷி துளியும் வரவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். அதில் பாதி உண்மையும் இருந்தது.

பட்ஸுக்கு எட்டும் தூரம் கொஞ்சம்தான். இரண்டு சுவரைத் தாண்டினால் தொடர்பு போய்விடும். மாலையில் அவர் ஹாலை விட்டு நகர்வதில்லை. ஆகவே அந்தப் போன் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். செருப்பு அலமாரி, அவருடைய பழைய டூல்ஸ் பை, குளிர்காலக் கோட்டின் பைகள், ஒன்றையும் விடவில்லை. கடைசியில் தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்தபோதுதான், பின்னாலிருந்து மேலே ஏறும் ஒரு வெள்ளை ஒயர் கண்ணில் பட்டது. ஃப்ரிட்ஜுக்கு எதற்கு சார்ஜர் ஒயர்?

மேலே மாவு டப்பா. அதன் பின்னால், சுவரில் சாய்த்து, அந்தப் போன். மூலையில் பழைய விரிசல் அப்படியே இருந்தது. திரையைத் தொட்டேன். ஒரு மைக் படம், அதன்கீழ் ஒரு பச்சைக் கோடு. நான் பெருமூச்சு விட்டேன், கோடு லேசாக அசைந்தது. "யாரு?" என்று கேட்டேன், எதற்குக் கேட்டேனோ. கோடு துள்ளி எழுந்து அடங்கியது.

இது எனக்குப் புதிதில்லை. போனை மைக்காக ஓர் அறையில் வைத்துவிட்டு, அங்கே கேட்பதை இன்னோர் அறையில் பட்ஸில் கேட்கலாம். தொட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு வேலை பார்க்க வசதி என்று கைக்குழந்தைக்காரர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இன்னொருத்தி இல்லை என்று அந்த நிமிஷம் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய கோபம்தான் வந்தது. நான் தினமும் அக்காவோடு பேசுவது இந்த இடத்தில் நின்றுதான். இவரைப் பற்றிப் பேசியது, இவர் அம்மாவைப் பற்றிப் பேசியது, அம்மாவைப் பற்றிப் பேசிவிட்டு நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தது, எல்லாவற்றையும் இவர் ஹாலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஒட்டுக் கேட்டிருக்கிறார். "அடப்பாவி" என்றேன். கோடு துள்ளியது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

போனை இருந்த கோணத்திலேயே வைத்தேன். பட்ஸ் டப்பாவை அலமாரியில் இருந்தபடியே வைத்தேன். கஸ்டமர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தாலும் உடனே முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டேன். அவர் வாயாலேயே வரவழைப்பேன். அதுதான் என் வழக்கம்.

மாலை அவர் வந்தார். வலது காதில் மாட்டினார். ஹாலில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சமையலறைக்குள் போய் மாவு டப்பாவைப் பார்த்து நின்றேன். என் போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. போய் எடுத்து வந்தால் வந்த வேகம் போய்விடும். அவர் கேட்கத்தானே போகிறார், பார்க்கவா போகிறார்? வெறுங்கையோடு பேச ஆரம்பித்தேன்.

"அக்கா, என்னால முடியலக்கா. இந்த மனுஷனோட இனிமே குப்பை கொட்ட முடியாது. நான் முடிவு பண்ணிட்டேன். மாசக் கடைசில உன் வீட்டுக்கே வந்துடறேன். இல்ல, அவருக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லாமத்தான் கிளம்பப் போறேன்." அக்கா பதில் சொல்வதற்காகக் கொஞ்சம் இடைவெளிகூட விட்டேன். "பாசமா? அதெல்லாம் எப்பவோ போயிடுச்சுக்கா. ஒரே வீட்டுல இருக்கோம், அவ்வளவுதான்."

கடைசியில் சொன்னது திட்டத்தில் இல்லை. வாயில் வந்தது, விட்டுவிட்டேன்.

இப்போது எழுந்து வருவார், கத்துவார், "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று ஒரே கேள்வியில் மடக்கலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் அப்படியே இருந்தார். வலது கையால் காதைப் பொத்தினாற்போல் பட்ஸை அழுத்திப் பிடித்திருந்தார். சாப்பிடும்போது தலையைத் தூக்காமல், "சாப்பாடு நல்லாருக்கு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேட்காமல் அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

மறுநாளிலிருந்து அவர் பட்ஸை மாட்டுவதை நிறுத்திவிட்டார். டப்பா அலமாரியிலேயே கிடந்தது. மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்த போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல, வாய்விட்டுக் கத்தவும் முடியவில்லை, தாங்கவும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, மறைப்பானேன்.

நிஜமாகவே போன் செய்து அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். இந்த முறை படிக்கட்டில் நின்று பேசியது நான்.

"மாட்டிக்கிட்டார்ல? நேரா கேட்டுத் தொலையேன்டி."

"அவரே வாயத் திறக்கட்டும்க்கா."

"நீ பிடிச்ச பிடியை விட மாட்ட. அந்த மனுஷன் எப்படித்தான் காலம் தள்றாரோ" என்று வைத்துவிட்டாள். நேற்று வரை என் கட்சியில் இருந்தவள்.

வீட்டில் பேச்சு நின்றுபோனது. சண்டை போட்டாலாவது சத்தம் இருக்கும். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் சொன்னால் மட்டும் தலையாட்டினார். துவைத்த துணிகளை மடிக்கும்போது என் துணிகளைத் தனியாக அடுக்கிக் கட்டில் ஓரத்தில் வைத்திருந்தார். அதைப் பார்த்தபோது முதல்முறையாகக் கொஞ்சம் பயமாக இருந்தது.

அவருக்கு விடுமுறை வந்த நாளில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பினேன். சாவியை உள்ளேயே மறந்திருந்தேன். பெல்லை அடித்தேன். திறக்கவில்லை. மறுபடி அடித்தேன். எங்கள் பெல் செத்தவனையும் எழுப்பும் ரகம். வெளியில் நிற்கிற எனக்கே காது கூசியது.

நடைபாதைப் பக்கம் ஹால் ஜன்னல். திரை பாதி விலகியிருந்தது. அவர் உள்ளேதான் இருந்தார். எனக்கு இடதுபக்கத்தைக் காட்டிக்கொண்டு, மேஜையில் டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு திருகாக எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். நான்கு எட்டில் கதவு.

பழிவாங்குகிறார் என்று நினைத்தேன். தலைக்கு ஏறிவிட்டது. பெல்லிலிருந்து கையை எடுக்காமல் ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"ஏங்க! கதவைத் திறங்க! ஒட்டுக் கேக்கறதுக்கு மட்டும் காது இருக்கா? இங்க ஒருத்தி கையில சுமையோட நிக்கறது தெரியலையா?"

அவர் ஒரு திருகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் துடைத்தார்.

"கேஸ் லீக்காகுது! வீடு பத்திக்கப் போகுது!" என்று அலறினேன்.

எதிர்வீட்டு அம்மா வெளியே ஓடி வந்துவிட்டார். கையில் பாலித்தீன் பையும் காலில் ஒற்றைச் செருப்புமாக நின்றார். என் வீட்டுக்காரர் திருகைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

எதிர்வீட்டு அம்மா என்னைப் பார்த்தார், ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தார். "என்னம்மா இது, இவ்ளோ சத்தம் போடற. சாருக்குக் காது கேக்காதா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

அதெல்லாம் நன்றாகக் கேட்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் மறுபடி ஜன்னலைத்தான் பார்த்தேன்.

கவுண்டரில் எத்தனையோ நடிப்பைப் பார்த்தவள் நான். கேட்காததுபோல நடிக்கிறவர்களுக்குத் தோள் கொஞ்சம் இறுகும், கை ஒரு நொடி தயங்கும். இவர் தோளில் ஒன்றுமே இல்லை. தனியாக இருக்கிற மனிதன் ஃபேனைக் கழற்றிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். கட்டிலில் பக்கம் மாறியது நினைவுக்கு வந்தது. படுத்தால் இப்போது அவருடைய வலது காதுதான் என் பக்கம் இருக்கிறது. என் வாயைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. டெக்னீஷியன் "அநேகமா" என்று ஆரம்பித்ததும், நான் அவரை முடிக்கவிடாததும் நினைவுக்கு வந்தன. பையைக் கீழே வைத்துவிட்டு அவர் போனுக்கு அடித்தேன்.

மேஜையில் போன் வெளிச்சமாகி அதிர்ந்தது. அப்போதுதான் நிமிர்ந்தார். என் பெயரைப் பார்த்தார். எடுத்துக் காதில் வைக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, என்னைக் கண்டு, பதறி எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

"சாவியை மறந்துட்டியா?" என்று என் உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

நான் உள்ளே போய் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வலது பட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு, என்னவோ தப்புச் செய்து பிடிபட்டவர்போல உட்கார்ந்தார்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"ஒரு வருஷம் இருக்கும். இடது சுத்தமாப் போச்சு. வலதுல கொஞ்சம் ஓடுது. மோட்டார் ரூம்லயே காலத்த ஓட்டினேன்ல. போன் வந்தாக்கூட படிக்கட்டுல போய் ஸ்பீக்கர்ல போட்டாத்தான் கேக்குது."

"வேலையில எப்படி?"

"கூட்டாளி மேலேருந்து டார்ச் அடிப்பான். ஒரு தடவைன்னா நிறுத்து, ரெண்டு தடவைன்னா ஏத்து. கம்பெனிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே என்னை லிப்டை விட்டு இறக்கிடுவாங்க."

"கூட்டாளிக்குத் தெரியும். எனக்குத் தெரியக் கூடாதா?" என் குரலில் வந்தது கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

"சொன்னா நம்பியிருப்பியா?" அவர் குரலில் குற்றம்சாட்டல் எதுவும் இல்லை. அதுதான் அதிகமாக வலித்தது. "காதுல விழாத மாதிரி நடிக்கறீங்கன்னு தினமும் சொல்லுவ. நான் வந்து காது கேக்கலன்னு சொன்னா, அதையும் ஒரு நடிப்புன்னு சொல்லிடுவியோன்னு இருந்துச்சு. உன்கிட்ட வர்றவங்க எல்லாரும் முதல்ல பொய்தானே சொல்வாங்க."

ஃபேனின் இறக்கைகள் மேஜையில் கிடந்தன. நான் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாவு டப்பா பின்னாடி ஒரு போன் இருக்கு" என்றேன்.

அவர் முகம் மாறியது. "பாத்துட்டியா?" என்று தலையைக் குனிந்துகொண்டார். "நீ கூப்பிடறது அங்கேருந்துதான். திரும்பிப் பாக்கலன்னா கோவிச்சுக்கற. அதுக்காகத்தான் வெச்சேன், வேற எதுக்கும் இல்ல. பாதி வார்த்தை அறுந்து அறுந்துதான் வரும். 'ஏங்க'ன்னு எதாவது தட்டுப்பட்டா எந்திரிச்சு வருவேன். நீ அக்காகிட்டப் பேசறதெல்லாம் சும்மா இரைச்சலாத்தான் இருக்கும். ஒண்ணும் புரியாது."

எண்ணெய்த் துணியை மடித்தார், பிரித்தார்.

"அன்னைக்கு மட்டும் முழுசாக் கேட்டுச்சு" என்றார். "எப்படின்னு தெரியல. ஒரு வார்த்தை விடல. உன் குரலே எனக்கு மறந்துபோச்சுன்னு நினைச்சிருந்தேன். பக்கத்துல நின்னு பேசற மாதிரி கேட்டுச்சு. முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பட்ஸை அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன், எங்க விட்டுப் போயிடுமோன்னு. அப்புறந்தான் நீ என்ன பேசறன்னு கவனிச்சேன்."

பேச்சொலி இன்னும் தெளிவாகக் கேட்கும். இடையில் தொடர்பு அறுந்துபோவது சரிசெய்யப்பட்டது. நீலக் கோடு ஊர்ந்து முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

"நீ போறதுன்னா போ. நான் தடுக்க மாட்டேன்" என்றார். "ஆனா ஒண்ணு மட்டும் கேக்கட்டுமா?"

தலையாட்டினேன்.

"நீ அக்காகிட்டப் பேசினப்ப உன் போன் ஹால்ல, என் பக்கத்துலதான் சார்ஜ்ல இருந்துச்சு. அதைப் பாத்துக்கிட்டேதான் நான் கேட்டுட்டிருந்தேன்." இப்போது அவர் என் உதட்டைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களை நான் பார்க்கும் பார்வை அது. என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. "எனக்குத் தெரியாம உன்கிட்ட இன்னொரு போன் இருக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கடைப் போன், அன்றைக்குக் கையில் இருந்தது, ஏதோ கோபத்தில் அக்காவிடம் கொட்டிவிட்டேன் என்றால் போதும். கோபத்தில் பேசியதை எந்தப் புருஷனும் ஒருநாள் மன்னித்துவிடுவான். தண்ணீர் படவே இல்லை என்கிறவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

"வேற போனெல்லாம் இல்ல" என்றேன்.

"அப்ப யார்கிட்டப் பேசின?"

நான் எழுந்து அவருடைய வலது பக்கமாகப் போய் நின்றேன்.

"உங்ககிட்டதான்."

எதைச் சொன்னாலும் "என்ன?" என்று திருப்பிக் கேட்கிறவர், இந்த முறை கேட்கவில்லை.